முதுகு முதலில்

இழுப்பறைக்குள் ஐந்து கத்திகள்
பதினெட்டு ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன,
கரண்டிகளோடு, கயிற்றுத் துண்டுகளோடு,
யாரும் தொடாத முட்டை அடிப்பானோடு.
நான் வால்பரைசோவில், போர்த்தாலெஸ் துறையில்
மீன் அரிகிறவள்.
ஒரு காலைக்கு நூற்றிருபது மெர்லூசா.
என் கைக்குக் கத்தி தெரியும், கண் எதற்கு என்பேன்,
ஏப்ரலில் மின்சாரம் போன இரவில்
மெழுகுவத்தி தேடிக் கை விட்டது வரை.

நான்கு தையல்.
சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

ரோசமேல் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் திட்டுவது அப்படித்தான்.
சனிக்கிழமை நீளமான அட்டைப்பெட்டியோடு வந்தான்.
மரப்பட்டை, முழங்கை நீளம், உள்ளே காந்தம்.
மலை லிஃப்ட்டின் கம்பிவடத்துக்கு எண்ணெய் போடுகிறவன்,
தொங்குவதைத்தான் நம்புவான்.
நான் கிடப்பதை நம்புகிறவள்:
கீழே கிடப்பது எங்கே விழப்போகிறது?

எங்கே மாட்டுவது?
அடுப்புக்கு மேலே பிசுக்கு ஏறும்.
தொட்டிக்கு மேலே என்றால், நழுவினால்
கீழே என் கைதான் இருக்கும்.
கதவோரம் தோள் இடிக்கும்.
பக்கத்து வீட்டு நிக்கானோருக்கு ஆறு வயது,
ஸ்டூலைக் கண்டால் ஏறிவிடுவான்.
தேநீர் ஆறி ஆடை கட்டியது.

கடைசியில் அவன் பட்டையைத் திருப்பி
வெறுஞ்சுவரில் மெல்லத் தடவிப் போனான்.
ஓரிடத்தில் அது நின்றது.
சுண்ணாம்புக்குப் பின்னால், மரச்சட்டத்தில்,
யாரோ எப்போதோ அடித்த ஆணி.
இங்கேதான், என்றான்.
நான்கு திருகாணியில் மூன்றுதான் ஏறின,
நாலாவது கைதவறிப் போனது.
அடுப்படி முழுக்கத் துழாவினோம்.
மூன்று போதும், என்றான்,
போதாது என்பவன் குரலில்.

முதல் கத்தியைக் கொண்டுபோனேன்.
கையிலிருந்து தாவி, டக்கென்று,
வாய்ப்பக்கமாகப் போய் மோதியது.
அவன் பல்லைக் கடித்தான்.
முதுகை முதலில் கொடு, யஸ்னா.
அது பிடித்த பிறகு வாயைச் சாய்.
எடுக்கும்போது சறுக்காதே,
வாயை விலக்கு, முதுகு கடைசியில் வரட்டும்.
எனக்கா கத்தி சொல்லித் தருகிறாய், என்றேன்.
என் மணிக்கட்டு அதற்குள் கற்றுக்கொண்டிருந்தது.

நான்கு நின்றன.
வெள்ளைப் பீங்கான் கத்தி மட்டும்
வழுக்கி ரொட்டிமேல் விழுந்தது.
அவன் தங்கை ஃப்ரேசியா தந்தது, இருப்பதிலேயே விலை கூடியது.
அது இங்கே ஒட்டாது என்று
காந்தம் வருமுன்பே எனக்குத் தெரியும்.
ஓட்ஸ் டப்பாவை வெட்டி உறை செய்து
பழையபடி இழுப்பறைக்குள்.

ஆகஸ்டில், மூன்று மணி வாக்கில், நிலம் புரண்டது.
நாங்கள் சின்னதுக்கெல்லாம் எழுவதில்லை.
பத்து வரை எண்ணுவோம்.
பத்தைத் தாண்டினால்தான் செருப்பு.
கண்ணாடிகள் பேசின, தகரச் சுவர் பேசியது,
எதிர்மேட்டு நாய்கள் எல்லாம்.
பதினொன்று. பன்னிரண்டு.
நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறொன்றை:
இரும்பு தரையில் விழும் ஓசை.
பதினான்கில் நின்றது.
அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
இப்போது அடுப்படிக்குப் போகாதே.
போகவில்லை. இருட்டில் செருப்போடு உட்கார்ந்திருந்தோம்.

பிறகு டார்ச்.
சீமைமாதுளை ஜாம் தரையெங்கும், கண்ணாடியோடு.
சுவரில் மூன்று கத்திகள் நேராக.
மீன்கத்தி மட்டும் சாய்ந்திருந்தது,
நாலே கால் காட்டும் முள்போல.
இழுப்பறையில் வெள்ளைக் கத்தியின் மூக்கு
அட்டையைக் குத்தி ஒடிந்திருந்தது.
ஃப்ரேசியாவிடம் என்ன சொல்வது, என்றான்.
ஜாம் மிதித்த செருப்போடு
இருவரும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

விடியுமுன் துறைக்குக் கிளம்ப வேண்டும்.
மீன்கத்தியை எடுத்தேன்,
வாயை விலக்கி, முதுகைக் கடைசியாக.
அது போன இடத்தில், பட்டையின் அடியோரம்,
நாலாவது திருகாணி
தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.
ஏப்ரலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கும்.